நான்காம் சிலிண்டர்: பிக்கப் நாட்குறிப்பு

2025 அக்டோபர் 4, சனி. சுகர் லேண்ட், டெக்சாஸ்

ஹைவே 6இல் சிக்னல் தாண்டி வேகம் எடுக்கும்போது என் பிக்கப் டிரக் உதறுகிறது. 45 மைலுக்கும் 50 மைலுக்கும் நடுவில்தான். லேசாக மிதித்தால் உதறல். அழுத்தி மிதித்தால் கியர் இறங்கிவிடும், உதறலும் போய்விடும். நின்றிருக்கும்போது எஞ்சின் சீராக ஓடுகிறது. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை.

வண்டி 2006 மாடல், 4.6 லிட்டர், வி-8 பெட்ரோல் எஞ்சின். இதை விற்க எனக்கு மனமில்லை. எஞ்சினில் கை வைக்க இடம் இருக்கிறது, வீட்டு வாசலிலேயே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் நவம்பரில் ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டும். டெக்சாஸில் இந்த ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். புகைச் சோதனை மட்டும் 17 கவுண்டிகளில் அப்படியே இருக்கிறது. எங்கள் ஃபோர்ட் பெண்டும் அதில் ஒன்று. விளக்கு எரிந்துகொண்டு போனால் ஃபெயில்தான்.

அக்டோபர் 6, திங்கள்

வேலைக்குப் போகும் வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் முடிந்தது, பிரித்துக் கட்ட 3,800 டாலர்” என்றார்கள். கம்ப்யூட்டரை மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது புரிகிறது. 45 மைல் வாக்கில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகிவிடும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதுவரை இருந்த வழுக்கல் அப்போது இருக்காது. எஞ்சின் குறைந்த சுற்றில் பாரம் இழுக்கும். அந்த நேரத்தில் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் (இதைத்தான் மிஸ்ஸிங் என்பார்கள்) அந்த அடி நேராக சீட்டுக்கு வரும். கன்வெர்ட்டரே கெட்டிருந்தாலும் உதறல் இப்படித்தான் இருக்கும். பிரேக்கை லேசாகத் தொட்டால் லாக் விடுபடும், உதறல் நின்றால் கன்வெர்ட்டர்தான் கோளாறு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் லாக் விட்டதும் சுற்று ஏறி எஞ்சின் மேல் பாரமும் குறைகிறதே, மிஸ்ஸிங்கும் அடங்கிவிடுமே! உடம்பில் தெரியும் உதறலை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மிஸ்ஸிங்கை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

எண்ணுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான ஓபிடி-2 சாக்கெட் கட்டாயம். அதில் ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் மோடு 6 என்ற பகுதியைத் திறந்தேன். விளக்கு எரிகிற அளவுக்குப் போகாத மிஸ்ஸிங்கையும் சிலிண்டர் வாரியாக அங்கே காட்டும்.

சிலிண்டர் எரியவில்லை என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சொல்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்குக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஒன்று எரியாவிட்டால் அந்த இடத்தில் கிராங்க் துளி தாமதிக்கும். அது யாருடைய முறை என்பது எரியும் வரிசையிலிருந்து தெரிந்துவிடும். இந்த எஞ்சினில் அந்த வரிசை 1-3-7-2-6-5-4-8.

கிராண்ட் பார்க்வேயில் ஒரு சுற்று போய்வந்து பார்த்தேன். மற்ற சிலிண்டர்களில் சுழி அல்லது ஒன்றிரண்டு. நான்காவதில் மட்டும் நூற்றுக்கு மேல். கியர்பாக்ஸுக்கு நான்காம் சிலிண்டர் எது என்று தெரியாது. நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

மழை. மேம்பாலம் ஏறும்போது விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இப்படி மினுக்கினால் உடனே மிதிப்பதைக் குறைக்க வேண்டும்; எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும், அதன் உட்பகுதியே உருகிவிடும். ஓரம்கட்டி, மெதுவாக வீடு வந்தேன். கம்ப்யூட்டர் காட்டிய கோளாறுக் குறியீடு, அதாவது கோட், பி0304. கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண்.

அடாப்டர் இல்லாதவர்களுக்கு: ஆட்டோசோன் மாதிரிக் கடைகளில் செக் எஞ்சின் கோட் எண்ணை இலவசமாகப் படித்துச் சொல்வார்கள்.

அக்டோபர் 11, சனி

கோட் சொன்னது சிலிண்டரைத்தான், பாகத்தை இல்லை. பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், பொறி விடும் பிளக், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் எதுவாகவும் இருக்கலாம். எனவே இன்று எதையும் வாங்கவில்லை. நான்காவது காயிலையும் முதலாவது காயிலையும் இடம் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். பயணி பக்கம் முன்னாலிருந்து 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5 முதல் 8 வரை. ஒவ்வொரு காயிலையும் 7 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றுதான் பிடித்திருக்கிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு சூட்டில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். நாக்கை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. காயிலை முதலில் இடமும் வலமும் திருப்பிவிட்டு அப்புறம் மேலே எடுத்தால் ரப்பர் உறை கிழியாமல் வரும்.

முதலாவது சுலபம். நான்காவது, விண்ட்ஷீல்டுக்குக் கீழே, ஹீட்டர் குழாய்களுக்கு அடியில். என் கை போகவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள், “தள்ளுங்கப்பா, நான் பார்க்கிறேன்” என்று ராட்செட்டை வாங்கிக்கொண்டாள். அவள் கை போனது.

வெளியே வந்த காயிலை வெயிலில் வைத்துப் பார்த்தோம். ரப்பர் உறையின் பக்கவாட்டில், மேலிருந்து கீழ்வரை, தலைமுடி கனத்தில் ஒரு கருப்புக் கோடு. துடைத்தால் போகவில்லை. உள்ளே ஸ்பிரிங்கின் நுனியில் துரு. உறையின் அடியில் மஞ்சளாக, உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு. மகள் முகர்ந்து பார்த்து, இனிப்பு வாசனை என்றாள். மழைத் தண்ணீர் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். மேலே ஹீட்டர் குழாயின் இணைப்பைத் தடவினால் விரலில் ஈரம்.

அந்தக் கருப்புக் கோடுதான் மின்சாரம் போன பாதை. காயிலுக்குள் இரண்டு சுருள்கள். முதல் சுருளில் 12 வோல்ட்டில் மின்சாரம் ஓட விட்டு, கம்ப்யூட்டர் அதைச் சட்டென்று துண்டிக்கும். காந்தப் புலம் சரியும்போது, பல மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் எழும்பும். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு ஏறும். சும்மா நிற்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, கொஞ்சம் போதும். பாரம் இழுக்கும்போது அழுத்தம் கூடும், வோல்டேஜும் கூட வேண்டும். அப்போது ஈரமான உறை வழியாக சிலிண்டர் ஹெட்டுக்குப் பாய்வது மின்சாரத்துக்குச் சுலபமாகிவிடுகிறது. நின்றால் சீர், ஓடினால் உதறல் என்பதற்கு இதுதான் காரணம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அதே சாலை, அதே வேகம். பி0301. கோளாறு காயிலோடு கூடவே முதலாம் சிலிண்டருக்குப் போய்விட்டது. காயில்தான்.

ஓம் மீட்டரில் அளந்தால் போதுமே என்று நண்பர் கேட்டார். மேசையில் இருக்கும் காயிலை ஒன்பது வோல்ட் பேட்டரி வைத்த மீட்டரால் அளந்தால், முப்பதாயிரம் வோல்ட்டில் வழியும் ஓட்டை அதில் தெரியாது. இடம் மாற்றிப் பார்ப்பதுதான் எனக்கு நம்பிக்கை.

அக்டோபர் 18, சனி

திங்கட்கிழமை தீபாவளி, அதற்குள் வேலை முடிய வேண்டும். எட்டுக் காயிலையும் மாற்று என்று பலரும் சொன்னார்கள். இணையத்தில் எட்டும் சேர்ந்து கிடைக்கும் விலைக்கு இங்கே நல்ல காயில் ஒன்றுதான் வரும். ஆனாலும் நல்லதாக இரண்டு வாங்கினேன்: கெட்டுப்போன அந்த நான்காவது காயிலுக்குப் பதில் ஒன்று, அதே படிவு தொடங்கியிருந்த மூன்றாவதுக்கு ஒன்று. மற்ற ஆறும் நன்றாக இருக்கின்றன, அவற்றுக்கு ரப்பர் உறையும் ஸ்பிரிங்கும் மட்டும் புதிது. ஸ்பார்க் பிளக் எட்டும் புதிது. தேய்ந்த பிளக்கில் இடைவெளி பெரிதாகிவிடும், காயில் ஒவ்வொரு முறையும் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். இதற்கு 1.3 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். கழற்றியவற்றில் சில 1.7ஐத் தொட்டிருந்தன.

முதல் வேலை ஹீட்டர் குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங். அதை விட்டுவிட்டுக் காயிலை மாற்றினால் புதுக் காயிலும் அதே ஈரத்தில்தான் நிற்கும்.

அப்புறம் பிளக் குழிகளை கம்ப்ரஸர் காற்றால் ஊதி, கம்பியில் சுற்றிய துணியால் ஒற்றினோம். பிளக்கைக் கழற்றுமுன் இதைச் செய்யாவிட்டால் மண்ணும் கூலன்ட்டும் சிலிண்டருக்குள் விழும். ஹெட் அலுமினியம். அதனால் புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி விரலால்தான் திருகினோம். மரை கோணலாக ஏறினால் ரப்பர் வழுக்கும், ஹெட் பிழைக்கும். கடைசி இறுக்கம் மட்டும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். உறையின் உள் விளிம்பில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு துளி. அது மின்சாரம் கடத்தாது. ஈரத்தைத் தடுக்கும், அடுத்த முறை உறை ஒட்டாமல் வரும்.

நான்காவது காயிலை மகள்தான் இறக்கினாள். கனெக்டர் ‘டிக்’ என்று பூட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள். ஸ்டார்ட் செய்ததும் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “சரிப்பா, ஓட்டிப் பார்க்கலாம்” என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பின்னால் அரிசி மூட்டைகளும் நாற்காலிகளும் ஏற்றிக்கொண்டு பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்வந்தோம். 45, 50, 60, எந்த வேகத்திலும் உதறல் இல்லை. மோடு 6இல் நான்காவதுக்கு நேரே சுழி. ஓ-ரிங் இருக்கும் இடம் காய்ந்திருக்கிறது.

நவம்பர் 1, சனி

கம்ப்யூட்டரில் கோட் எண்ணை அழித்த மறுநாளே புகைச் சோதனைக்குப் போகக் கூடாது. அழித்தால் கம்ப்யூட்டரின் உள்சோதனைகளும் அழிந்துவிடும். 2001 மாடலிலிருந்து வந்த வண்டிகளில் உள்சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம், இரண்டு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். எனவே இரண்டு வாரம் வழக்கம்போல் ஓட்டி, எல்லாம் முடிந்ததை போனில் பார்த்துவிட்டு இன்று காலை போனேன். பாஸ். ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கருக்கு மதியமே பணம் கட்டிவிட்டேன். கழற்றிய ஸ்பிரிங்குகளில் துரு இல்லாத இரண்டை மட்டும் அவசரத்துக்கு டாஷ்போர்டில் போட்டுவைத்திருக்கிறேன்.