மூடிய பள்ளத்துக்கு பில் கிடையாது

அன்று நள்ளிரவு தாண்டியிருக்கும். தார் கலந்த சுடுகலவை ஏற்றிவந்த இரண்டாவது டிப்பர், அதைச் சாலையில் விரிக்கும் பேவர் இயந்திரத்தை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தபோது, அதன் இடது பின்சக்கரம் அச்சு வரை சாலைக்குள் இறங்கிவிட்டது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே, பழைய கண்டோன்மென்ட் பகுதியில், 600 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தெருவுக்குப் புதிய தார்த்தளம் போடும் வேலை அது. ஆண்டு 2022. ஒப்பந்ததாரர் தரப்பில் அளவுகளையும் பில்களையும் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக நான் இருந்தேன். ஜேசிபியை வைத்து வண்டியைத் தூக்கிவிட்டுப் பார்த்தால், ஆள் நின்றால் தலை மறையும் அளவுக்கு ஒரு குழி. எப்போதோ பதித்த மண்குழாய்ச் சாக்கடை உடைந்து, சுற்றியிருந்த மண்ணை மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலே இருந்த தார் மட்டும் முட்டை ஓடு போல நின்றிருக்கிறது.

வி.ஜி.30 வகைத் தார் சேர்த்த கலவையை விரிக்கும்போது வெப்பம் 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. வண்டியை மீட்பதற்குள் அதிலிருந்த 16 டன் கலவையும் ஆறிவிட்டதால் திருப்பி அனுப்பினோம். காலை ஐந்து மணிக்குப் போக்குவரத்துக்குத் தெருவைத் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையில்தான் இரவு வேலைக்கு அனுமதி வாங்கியிருந்தோம். வேலை கொடுத்த துறையின் பொறியாளரைத் தொலைபேசியில் எழுப்பினேன்; முதலில் மூடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார், அந்த நேரத்தில் வேறு யாரும் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. எங்கள் யார்டில் கிடந்த மூன்று பி.வி.சி. குழாய்களைக் கொண்டுவந்து உடைந்த இடத்தில் பொருத்தி, வெட்மிக்ஸ் எனப்படும் நீர் கலந்த ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டு இடித்துக்கொண்டு மேலே வந்தோம். நிரப்பத் தொடங்கும் முன் மேஸ்திரி என்னைப் பார்த்து, "சார், ஒரு தடவை டேப்பு பிடிச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்டார். திருப்பத்தூர் பக்கத்துக்காரர், இருபது ஆண்டுகளாக இந்த நகரத்தின் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பவர். "மணி நாலாச்சுண்ணே, மூடுங்க முதல்ல" என்றேன்.

மூன்று வாரம் கழித்து பில் போட உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வியின் விலை எனக்குத் தெரிந்தது. குழியின் அளவு 3.2 மீட்டர் நீளம், 2.4 அகலம், 1.8 ஆழம், ஆகவே சுமார் 14 கனமீட்டர் ஜல்லி என்று நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். வேலை நடக்கும்போதே அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று துறையில் கேட்டார்கள். எந்தப் பக்கத்திலும் இல்லை. என் கைபேசியில் நான்கு படங்கள் இருந்தன. நான்கிலும் டார்ச் வெளிச்சத்துக்குள் ஒரு இருட்டு மட்டும் தெரிந்தது, பக்கத்தில் அளவுகோலோ, தெருவின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மீட்டர் என்று சொல்லும் சங்கிலித்தூரமோ, தேதியோ இல்லாததால் அது எந்த ஊரின் எந்தக் குழியாகவும் இருக்கலாம். ஜல்லி, ஜேசிபி, திரும்பிப்போன கலவை எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தை நெருங்கிய அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. மறுத்தவர்கள்மீது எனக்குக் கோபம் வந்தது உண்மை; ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அந்தக் குழியை எதிர்பாராத செலவு என்று எங்கள் கோப்பில் எழுதினேன். இப்போது அந்தச் சொல்லை எழுதக் கை தயங்குகிறது. பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். திப்பகொண்டனஹள்ளி நீர் 1933இல். காவிரி நீர் 1974இல். ஒவ்வொரு தடவையும் புதிய குழாய் பதித்தார்களே தவிர, பழையதைத் தோண்டி எடுத்தவர்கள் குறைவு. அவற்றின் மேல் மின்கம்பி, எரிவாயுக் குழாய், கண்ணாடியிழைக் கம்பி எல்லாம் வந்து சேர்ந்தன. இப்படிப்பட்ட தெருவில் அடியில் ஒன்றும் இருக்காது என்று வைத்து விலை கொடுத்துவிட்டு, பிறகு எதிர்பார்க்கவில்லை என்பது அவ்வளவு நேர்மையான பேச்சு அல்ல. (கன்னடத்தில் குழிக்கு வழங்கும் 'குண்டி' என்ற சொல் தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் கூச்சமானது, ஊரிலிருந்து புதிதாக வரும் பையன்கள் அதைக் கேட்டு முதல் வாரம் முழுக்கச் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் யாரும் சிரிப்பதில்லை.)

உண்மையில் அந்த வேலையில் எங்களை அதிகம் கடித்தது குழிகூட அல்ல, 10 மில்லிமீட்டர். துறையின் மதிப்பீட்டின்படி பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேல் 40 மி.மீ. கனத்துக்குப் புதுத்தளம் போட வேண்டும். 4,200 சதுர மீட்டருக்கு 168 கனமீட்டர், ஏறத்தாழ 400 டன் கலவை. ஆனால் பழைய தெரு மேசைபோல் சமமாக இருப்பதில்லை. பலமுறை வெட்டி ஒட்டிய இடங்களில் பள்ளமும் மேடுமாக இருந்த அந்தத் தளத்தின் மேல் பேவர் நேராக ஓடும்போது, மேட்டில் 40 மி.மீ. விழ வேண்டுமானால் பள்ளத்தில் 60, 70 விழுந்தே தீரும். சராசரி 50 மி.மீ. ஆகிவிட்டால் 42 கனமீட்டர் கூடுதல், அதாவது 100 டன், அதாவது ஆறு டிப்பர். மேற்பரப்பை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த ஆறு டிப்பரும் தெரியாது. சமன்படுத்தும் அடுக்கு என்று தனி இனம் (ஐட்டம்) மதிப்பீட்டிலேயே இருந்தால் அதற்குப் பணம் உண்டு, எங்களுடையதில் இல்லை. வேலை தொடங்கும் முன் பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் மட்டக்கருவி வைத்து உயரங்களை எடுத்து, துறையையும் கையெழுத்திடச் செய்திருந்தால் கேட்க வாய் இருந்திருக்கும். இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான். அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தினோம்.

தளம் உயர்ந்ததால் தெருவில் இருந்த 34 சாக்கடைச் சேம்பர்களின் மூடிகளையும் உயர்த்த வேண்டியிருந்தது, அதுவும் மதிப்பீட்டில் விடுபட்டிருந்தது. தார் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதத்தில் இருமுறை மாற்றுகின்றன. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு நாங்கள் ஒவ்வொரு முதல் தேதியையும் பதினாறாம் தேதியையும் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு பார்த்தோம். கலவையின் எடையில் தார் சுமார் 5.4 சதவீதம் என்றால் 400 டன்னுக்கு 21 டன்னுக்கு மேல். டன்னுக்கு 5,000 ரூபாய் ஏறினால் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் போகும். ஓராண்டுக்குள் முடியும் வேலை என்பதால் எங்கள் ஒப்பந்தத்தில் விலையேற்றத்துக்கு ஈடு கிடையாது. அதற்குள் மே மாத மழையில் வேலை தள்ளிப்போக, 2022 ஜூலை 18 முதல் உள்ளாட்சிப் பணிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒவ்வொரு லட்சத்துக்கும் 6,000 ரூபாய். வரிவிகிதம் மாறினால் வித்தியாசம் யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. எங்கள் உரிமையாளர் அதைப் படித்ததில்லை, நானும் ஜூலைக்குப் பிறகுதான் படித்தேன். அதைக் காட்டிக் கேட்டதில் அந்தத் தொகை மட்டும் வந்து சேர்ந்தது, ஓராண்டு கழித்து.

மதிப்பீட்டின் கடைசியில் எதிர்பாராச் செலவுகளுக்கென்று ஒரு குறிப்பிட்ட சதவீதம் ஒதுக்கியிருப்பார்கள். அதைக் கண்டு மனம் குளிரும் இளம் பொறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அது துறையின் பணம், ஒப்பந்ததாரருடையது அல்ல. ஒப்பந்ததாரர் தன் பாதுகாப்பைத் தன் விலைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஆனால் எல்-1, அதாவது டெண்டரில் மிகக் குறைந்த விலை கேட்டவன், ஆகாதவனுக்கு வேலை இல்லை, பாதுகாப்பை வைத்தவன் எல்-1 ஆவதில்லை. ஆகவே எல்லோரும் அடியில் ஒன்றும் இல்லாத ஒரு கற்பனைத் தெருவுக்கு விலை கொடுக்கிறோம். பிறகு கூடுதல் இனத்துக்கு விலைப்பட்டியல் தயாரித்து ஒப்புதலுக்கு அனுப்புகிறோம். இங்கே அதை இ.ஐ.ஆர்.எல். (எக்ஸ்ட்ரா ஐட்டம் ரேட் லிஸ்ட்) என்பார்கள், அளவு மாற்றங்களுக்கு வொர்க் ஸ்லிப். டெண்டரில் மதிப்பீட்டைவிட எட்டு சதவீதம் குறைத்துக் கேட்டிருந்தோம் என்பதால், எங்கள் ஒப்பந்தப்படி கூடுதல் இனத்தின் விலையிலும் அதே எட்டு சதவீதம் வெட்டப்படும். பேராசையில் கொடுத்த தள்ளுபடி, அன்று கனவிலும் இல்லாத குழிக்கும் சேர்த்துக் கொடுத்த தள்ளுபடி.

ரெசிடென்சி சாலை, கன்னிங்ஹாம் சாலை போன்றவற்றில் டெண்டர்ஷ்யூர் என்ற திட்ட முறையில் சாலை வேலை செய்தபோது, குழாய்களையும் கம்பிகளையும் ஓரத்துக்கு நகர்த்தி நடைபாதையின் கீழ் வழி ஒதுக்கிவிட்டு அதன் பிறகே தளம் போட்டார்கள். செலவு பல மடங்கு என்று பலரும் குறை சொன்னார்கள்; என் கணக்கில், எங்கள் தெருக்களில் தவணை தவணையாகச் செய்யும் செலவை அங்கே முதலிலேயே எழுதிக் காட்டினார்கள், அவ்வளவே. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு கொண்டுவந்த, தோண்டும் முன் குழாய், கம்பிகளின் உரிமையாளர்களுக்குத் தகவல் சொல்லும் செயலியும் பயனுள்ளதுதான். ஆனால் யாரும் உரிமை கோராத செத்த குழாயைப் பற்றி அதில் யார் பதில் சொல்வார்கள்? அதற்குச் சோதனைக் குழிதான் வழி. விலை கொடுக்கும் முன் தெருவின் இரு முனையிலும் நடுவிலும் மீட்டர் சதுரத்தில் மூன்று குழி தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுக்கிறேன். சில சமயம் கிடைக்கிறது. கிடைக்காதபோது, கேட்ட கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது.

அந்த அல்சூர் வேலைக்குப் பிறகு என் பையில் பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்று இருக்கிறது. சங்கிலித்தூரம், தேதி, மணி, நீள அகல ஆழம் எல்லாவற்றையும் சுண்ணக்கட்டியால் எழுதி, குழிக்குள் இறங்கும் ஆளின் கையில் கொடுத்து, பக்கத்தில் மட்டக்கோலை நிறுத்திப் படமெடுப்பேன். அன்றே, விடிவதற்குள், படங்களுடன் துறைப் பொறியாளருக்கு ஒரு மின்னஞ்சல்: இன்ன இடத்தில் இன்னது கண்டோம், உங்கள் வாய்மொழி உத்தரவின்படி மூடுகிறோம், அளவைச் சரிபார்க்க வாருங்கள். உத்தரவு என்ற சொல்லைப் பார்த்ததும் பெரும்பாலும் நேரில் வந்துவிடுகிறார்கள்.

போன மழைக்காலத்துக்குப் பின் சிவாஜிநகர் பக்கம் ஒரு தெருவில் இரவு மூன்றரைக்கு எனக்கு அழைப்பு வந்தது. பழைய இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே வந்திருந்தது. நான் போய்ச் சேர ஐந்தே கால் ஆனது. அதுவரை குழிக்குள் ஒரு கூடை மண் விழவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே மேஸ்திரி சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தார். தெருவைத் திறந்தபோது மணி ஆறு நாற்பது. தாமதத்துக்கு அபராதம் 5,000 ரூபாய் என்று அந்த வாரமே கடிதம் வந்தது, குழிக்கான இ.ஐ.ஆர்.எல். இன்னும் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.