பேட்டரி நன்றாக இருந்தும் கிளம்பாத கார்

நேற்றுக் காலை சேரன்மகாதேவியில் மாமா வீட்டு வாசலிலிருந்து பாளையங்கோட்டைக்குப் புறப்படச் சாவியைத் திருப்பியபோது, 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்துக்கு மேல் காரிடமிருந்து எதுவும் வரவில்லை. பேட்டரி மாற்றி நான்கு மாதம்தான் ஆகிறது, மல்டிமீட்டரும் முழு சார்ஜுக்குரிய 12.6 வோல்ட்டைக் காட்டியது. ஆனாலும் கூடிநின்ற அனைவரும் பேட்டரியையே குற்றம் சொன்னார்கள். நம் ஊரில் கார் நின்றுவிட்டால் ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமே இருப்பதில்லை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னார். வெளிச்சம் சற்றும் மங்கவில்லை. "அண்ணாச்சி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கரண்டு ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரல" என்றார். இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் கரண்டு இழுக்கக்கூடியது என்பதால், அது சுழன்றிருந்தால் விளக்கு சிறிதாவது மங்கியிருக்க வேண்டும். பிறகு ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை நேராக இன்ஜினின் இரும்பிலும் கவ்வவைத்தார். கார் உடனே கிளம்பிவிட்டது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், கரண்டு பேட்டரிக்குத் திரும்பிவர அதற்கும் பாடிக்கும் இடையே பின்னல் போன்ற ஓர் எர்த் பட்டை உண்டு. என் காரில் அதன் போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தன. விளக்குகளுக்கு எர்த் பாடியிலேயே கிடைத்துவிடுவதால் அவை மட்டும் பளிச்சென்று எரிந்து எங்களைக் குழப்பியிருக்கின்றன. அவர் உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துப் புதுப் பட்டையைப் பொருத்தினார். புதுப் பேட்டரிக்கென்று மாமா எடுத்துவைத்திருந்த பணம் அவர் சட்டைப்பைக்கே திரும்பியது.