ஃபார்மேட் மாற்றம் தனிக் கமிட்டில் போகட்டும்

ஃபார்மேட் என்பது நிரலின் இடைவெளி, வரிமுடிவு, காற்புள்ளி போன்ற தோற்ற ஒழுங்கு; கமிட் என்பது நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஜிட் கருவியில் ஒரு பதிவு. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் நாலு பேர் சேர்ந்து கோயில் உபயக் கணக்குக்கு நிரல் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவரிடம் விண்டோஸ் மடிக்கணினி, ஒருவரிடம் உபுண்டு, ஈப்போவில் வேலை பார்ப்பவரிடம் மேக். உபயத் தொகையை 51 ரிங்கிட்டிலிருந்து 101 ஆக்கிய புல் ரிக்குவெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) திறந்தால் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும். மாறியது ஒரே வரி, ஆனால் 400 வரியும் மாறியதாக ஜிட் காட்டுகிறது. ரிவியூ செய்பவர் பார்க்க வேண்டிய அந்த ஒரு வரிதான் கண்ணில் படாமல் போகிறது.

இப்படி ஆனால் முதலில் வரிமுடிவைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத சிஆர், எல்எஃப் என்று இரண்டு பைட் வைக்கிறது. லினக்ஸும் மேக்கும் எல்எஃப் மட்டும். இதை மாற்றித் தரும் ஜிட் அமைப்பான 'கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்' ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். திட்டத்தின் மேல்மட்டத்தில் '.ஜிட்அட்ரிப்யூட்ஸ்' கோப்பு வைத்து, '* டெக்ஸ்ட்=ஆட்டோ இஓஎல்=எல்எஃப்' என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு 'ஜிட் ஆட் --ரீநார்மலைஸ் .' கொடுத்துத் தனிக் கமிட் போடுங்கள். இதைச் செய்யாமல் பிரிட்டியரை (நிரலைத் தானாக ஃபார்மேட் செய்யும் கருவி) ஓட்டினால், அது 2.0 பதிப்பிலிருந்து எல்எஃப்தான் கேட்கும் என்பதால், விண்டோஸ்காரருக்கு எல்லாக் கோப்பும் தவறு என்று வரும்.

ஃபார்மேட் செய்ய எந்தக் கருவி என்பதில் நேரம் போக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிரிட்டியர், பைத்தானுக்கு பிளாக், கோ மொழிக்கு கோஃபெம்ட். வரி அகலம் பிரிட்டியரில் 80, பிளாக்கில் 88. அப்படியே விட்டுவிடுங்கள், அதில் வாக்குவாதம் செய்து கிடைப்பது ஒன்றுமில்லை. பதிப்பு எண் மட்டும் எல்லோரிடமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2023இல் வந்த பிரிட்டியர் 3.0, கடைசிக் காற்புள்ளியின் (பட்டியல் முடிவில் வரும் காற்புள்ளி) இயல்புநிலையை மாற்றியது. ஒருவரிடம் 2, ஒருவரிடம் 3 இருந்தால் ஒருவர் சேர்த்த காற்புள்ளியை மற்றவர் நீக்கிக்கொண்டே இருப்பார். நிறுவும்போது துல்லியமான பதிப்பு எண் பதிவாக '--சேவ்-எக்ஸாக்ட்' கொடுங்கள். திட்டத்துக்குள் நிறுவாமல் என்பிஎக்ஸில் (கருவியை நேரடியாக ஓட்டும் கட்டளை) கூப்பிட்டால் அன்றைக்கு எது புதிதோ அது இறங்கும். தோட்டத்து இணைய வேகத்தில் அது காத்திருப்பும் கூட.

புதுப் பால்மரத்தில் (ரப்பர் மரம்) வெட்டுத் திறக்கும் முன்பே சாய்வுக்கு அச்சு வைத்துக் கோடு போட்டுவிடுவார்கள். பிறகு உளி யார் கையில் இருந்தாலும் வெட்டு அந்தக் கோட்டிலேயே இறங்கும். இங்கும் வரிசை அதுதான்: அமைப்புக் கோப்பும் பதிப்பும் முதல் கமிட், முழு நிரலையும் ஃபார்மேட் செய்வது அடுத்த கமிட். அந்த இரண்டாவதில் ஒரு எழுத்துக்கூட லாஜிக் மாற்றம் இருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு வரியைக் கடைசியாக மாற்றியவரைச் சொல்லும் 'ஜிட் பிளேம்' மாறிய எல்லா வரிக்கும் ஃபார்மேட் செய்தவர் பெயரையே காட்டும். 2019இல் ஜிட் 2.23 இதற்கு வழி செய்தது. '.ஜிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற கோப்பில் அந்தக் கமிட்டின் 40 எழுத்து ஹாஷை (கமிட்டின் அடையாளம்) எழுதி, 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். கிட்ஹப் இந்தப் பெயரைத் தானே படித்துக்கொள்ளும். பலர் சறுக்கும் இடம் இதுதான்: ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்டை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்தால் ஹாஷ் மாறிவிடும். மெர்ஜ் முடிந்தபின் மெயினில் (முதன்மைக் கிளை) இருக்கும் ஹாஷை எடுத்து, இன்னொரு கமிட்டில் எழுத வேண்டும்.

பாதியில் நிற்கும் பிராஞ்ச்களுக்கு (தனிக் கிளைகள்) அவசரப்பட்டு மெயினை மெர்ஜ் செய்யாதீர்கள், இரு பக்கமும் மாறிய ஒவ்வொரு வரியும் மோதும். ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தைய கமிட்டை முதலில் மெர்ஜ் செய்யுங்கள். நிஜமான மோதல் இருந்தால் அங்கேயே தீர்ந்துவிடும். பிராஞ்சில் ஃபார்மேட்டரை ஓட்டிக் கமிட் போடுங்கள். அடுத்து ஃபார்மேட் கமிட்டை மட்டும் '-எஸ் அவர்ஸ்' (பிராஞ்சில் இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும் வழி) கொடுத்து மெர்ஜ் செய்யுங்கள். பிறகு மெயின் வழக்கம்போல் வந்து சேரும். அந்தக் கமிட்டில் லாஜிக் கலந்திருந்தால் இந்த வழியில் அது சத்தமில்லாமல் தொலைந்துபோகும். மேலே அத்தனை கண்டிப்பாகச் சொன்னது இதனால்தான்.

காவலுக்கு, கமிட் போடும்போதே ஹூக்காக (தானே ஓடும் நிரல்) சரிபார்க்கும் ஹஸ்கி, லிண்ட்-ஸ்டேஜ்டு போதும் என்பார்கள். அது வசதி, காவல் அல்ல. '--நோ-வெரிஃபை' கொடுத்தால் யாரும் தாண்டிவிடலாம். திட்டத்தை நகலெடுத்து க்ளோன் செய்பவரிடம் ஹூக் தானாக வந்து சேர்வதும் இல்லை. சிஐயில் (சர்வரில் தானாக ஓடும் சோதனை) 'பிரிட்டியர் --செக் .' ஓடி, தவறினால் மெர்ஜ் பொத்தான் பூட்டப்பட வேண்டும்.

கோயில் நிரலில் தேவாரப் பாடலை மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) கோப்பில் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வரிக் கடைசியில் இருக்கும் இரண்டு வெற்றிடத்துக்கு 'அடி மடக்கு' என்று பொருள். '.எடிட்டர்கான்ஃபிக்' கோப்பில் வரிக்கடைசி வெற்றிடத்தை நீக்கச் சொல்லியிருந்தால், எடிட்டர் சேமிக்கும்போதே அவற்றைத் துடைத்துவிடும். நாலடிப் பாடல் ஒரே பத்தியாகத் திரையில் வரும். மார்க்டவுன் கோப்புகளுக்கு மட்டும் 'ட்ரிம்_ட்ரெய்லிங்_ஒயிட்ஸ்பேஸ் = ஃபால்ஸ்' என்று தனிப்பிரிவு எழுதிவிடுங்கள்.