குழாயை சுவத்துக்குள்ள மறைக்காதீங்க

ரெண்டு வருஷமா நாங்க ஒரு சின்ன குரூப்பா சேர்ந்து ஒரு பண்ணை வளாகம் கட்டிட்டு இருக்கோம், பிள்ளைங்க வந்து அஞ்சு நாள் தங்கி சுற்றுச்சூழலைப் படிச்சிட்டுப் போற மாதிரி ஒரு இடம். பாக்க வர்றவங்க எல்லாரும் கேக்குறது எத்தனை ரூம், எத்தனை பேர் தங்கலாம்னுதான். அத்தனை பேர் குளிச்ச தண்ணி எங்க போகும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நாங்களும் அதைக் கேக்காமதான் பில்டிங் பிளான்லயே ஆரம்பிச்சோம்.

விடுதிக்குன்னு முளைக்குச்சி அடிச்ச இடம் நல்லா சமதளமா இருந்துச்சு. முதல் பெருமழை அன்னைக்கு நிலம் முழுக்க நடந்து பாத்தப்பதான் மேட்டுத் தண்ணி மொத்தமும் அங்கதான் வந்து நிக்குதுன்னு தெரிஞ்சுது, கணுக்காலுக்கு மேல தண்ணி. அன்னைக்கே பிளானை சுருட்டி வெச்சிட்டோம். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு கல்லு கூட வைக்கல, தண்ணி எங்க ஓடுது எங்க தேங்குது எங்க மண்ணை அரிக்குதுன்னு பாத்து பாத்து குச்சி நட்டதுதான் வேலை. இப்ப அந்தப் பள்ளத்துலதான் எங்க குளம் இருக்கு, அதுல தோண்டுன மண்ணுலதான் விடுதிச் சுவரே எழும்புச்சு. மேல் மண்ணை மட்டும் தனியா எடுத்து தோட்டத்துல போட்டுட்டோம், அடி மண்ணை 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி பிளாக் போட்டு நாலு வாரம் ஈரம் காயாம பாத்துக்கிட்டோம், சூளையே தேவைப்படல.

மழைத்தண்ணிக் கணக்கு ரொம்ப சுலபம். 1 சதுர மீட்டர் கூரையில 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரை, வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழைன்னு வைங்க, 1,60,000 லிட்டர், ஆவியாகி சிந்தி வீணாகுறதைக் கழிச்சா ஒரு 1,28,000 தேறும். 40 பேர் தலைக்கு 50 லிட்டர் செலவு பண்ணா நாளைக்கு 2,000 லிட்டர், அப்ப அவ்வளவு தண்ணியும் 64 நாள்ல காலி. இந்தக் கணக்கை நாங்க போர்டுல போட்டுக் காட்டுறதில்ல. தொட்டிக்கு வெளிய ஒரு கண்ணாடி டியூப் வெச்சிருக்கோம், தினம் காலையில பிள்ளைங்களே போய் தண்ணி நிக்கிற மட்டத்துல சாக்பீஸ்ல கோடு போடணும். முதல் நாள் கோட்டுக்கும் ரெண்டாம் நாள் கோட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியைப் பாத்துட்டு அதுங்களே ஒண்ணுக்கொண்ணு சண்டை போட ஆரம்பிச்சிடும், யாரு குழாயைத் திறந்துவிட்டுட்டு பல்லு விளக்குனதுன்னு.

ஒருநாள் டூர் கூட்டிட்டு வந்தா இது நடக்காது. தங்குனாதான் குளிக்கணும், சாப்பிடணும், கக்கூஸ் போகணும், அப்பதான் தன்னோட கழிவும் தன் கண்ணுல படும். அதனாலதான் ஈகோசான் டாய்லெட், அதாவது கழிவை மக்க வெச்சு உரமாக்குற டாய்லெட், கட்டியே ஆகணும்னு பிடிவாதமா நின்னோம். பணம் தர முன்வந்த ஒருத்தர் இது வேணாம், டைல்ஸ் போட்ட டாய்லெட்டா கட்டுங்கன்னு சொல்லிட்டு விலகிட்டாரு, வருத்தமாத்தான் இருந்துச்சு, ஆனா அதை விட்டா இந்த இடத்துக்கே அர்த்தம் இல்ல. சிறுநீர் தனியா, மலம் தனியா போகும், போயிட்டு வந்ததும் ஒரு கை சாம்பல் போடணும். ஒரு அறை ரொம்புனதும் மூடிட்டு அடுத்ததைத் திறக்கணும், வெயில் ஊருன்னா குறைஞ்சது ஒரு வருஷம், குளிர் ஊருன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் அதைத் தொடக்கூடாது, அப்புறமும் மரத்துக்குத்தான் போடுவோம், காய்கறிப் பாத்திக்குப் போடமாட்டோம். இதுல மட்டும் அவசரப்படாதீங்க, நோய்க்கிருமி விஷயம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் கம்போஸ்ட் குவியல். காஞ்ச இலையும் பச்சைக் கழிவும் சாணியும் அடுக்கடுக்கா போடுறோம், கார்பன் 25லருந்து 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு இருக்கணும். மூணாவது நாள் நடுவுல சொருகி வெச்ச இரும்புக் கம்பியை உருவி பிள்ளைங்க கையில குடுப்போம். போன பேட்ச்ல ஒரு பொண்ணு அதைத் தொட்டதும் வெடுக்குனு கையை எடுத்துட்டு, அடியில யாரு நெருப்பு வெச்சதுன்னு கேட்டுச்சு. அப்புறம் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா 60 டிகிரி. கண்ணுக்கே தெரியாத உசிருங்க தின்னு மூச்சுவிடுற சூடுதான் இதுன்னு சொன்னதும் திரும்பப் போய் கம்பியைப் பிடிச்சுப் பாத்துச்சு. அதுக்கப்புறம் தங்குன நாளெல்லாம் காலையில எந்திரிச்சதும் அது நேரா ஓடுனது அங்கதான்.

1977ல ஜார்ஜியாவோட தலைநகர் திபிலிசியில யுனெஸ்கோவும் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் சேந்து ஒரு மாநாடு நடத்துனாங்க, சுற்றுச்சூழல் கல்விக்கு அதுல அஞ்சு நோக்கம் சொன்னாங்க, விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. முதல் ரெண்டையும் கிளாஸ்லயே குடுத்துடலாம். கடைசி ரெண்டுக்கு கையில ஒரு நிஜ வேலை இருக்கணும், அந்த வேலையை பிள்ளைங்க செய்யாம விட்டா அங்க ஏதோ ஒண்ணு நிஜமாவே நின்னு போகணும். இதை மனசுல வெச்சுதான் எங்க இடத்துல குழாய் எல்லாம் சுவத்துக்கு வெளியவே ஓடுது. குளிச்ச தண்ணி கல்வாழைப் பாத்திக்குப் போறதை அது பின்னாடியே நடந்து போய் பாக்கலாம். எங்கயாவது அடைச்சா பிள்ளைங்கதான் முதல்ல கண்டுபிடிக்கும்.

இதுக்காகவே நிறைய வேலையை முடிக்காமலும் வெச்சிருக்கோம். மேட்டுப்பக்கம் இன்னும் மூணு வரப்பு போடணும். மூணு குச்சியை ஏ எழுத்து மாதிரி கட்டி உச்சியிலருந்து நூல்ல ஒரு கல்லைத் தொங்கவிட்டா, நூல் நடுக்கோட்டுல வந்து நின்னா ரெண்டு காலும் ஒரே மட்டம், பத்து வயசுப் பிள்ளை கூட அரை மணி நேரத்துல கத்துக்கிட்டு சமமட்டக் கோடு போட்டுடும். சமையல்கட்டு வடக்குச் சுவருக்கு மண் பூச்சும் பாக்கி. முதல்ல ஒரு பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டுக் குலுக்கி வைக்கணும், மணல் ஒரு நிமிஷத்துலயே அடியில படிஞ்சிடும், வண்டல் ரெண்டு மணி நேரம் ஆகும், களி ஒரு நாளுக்கு மேலயும் எடுக்கும், அந்த அடுக்கைப் பாத்துதான் எவ்வளவு மணல் சேக்கணும்னு பிள்ளைங்க முடிவு பண்ணும். அடுத்த பேட்ச் வர்றதுக்குள்ள நல்ல சல்லடை ரெண்டு வாங்கி வைக்கணும்.