க்ளூஜில் ஒரு மொழிப் பட்டறை

பல்கலைக்கழகம் தொடங்குவது என்றாலே இடம், கட்டடம், நிதி என்றுதான் பேச்சு எழும். முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியிடமிருந்து ருமேனியாவின் கைக்கு வந்த டிரான்சில்வேனியாவின் க்ளூஜ் நகரில் 1919-இல் அந்தக் கவலை எழவில்லை. 1872 முதல் ஹங்கேரி மொழியில் நடந்துவந்த பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள், நூலகம், மருத்துவமனைகள் எல்லாம் அங்கே இருந்தன. இல்லாமல் போனது ஆசிரியர்கள்தான்.

1919 மே 12 அன்று ருமேனிய நிர்வாகத்தின் சார்பில் ஓனிசிஃபோர் கிபு பல்கலைக்கழகத்தைப் பொறுப்பேற்றார். புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கப் பழைய பேராசிரியர்கள் மறுத்து வெளியேறினார்கள். ஹங்கேரியின் புதிய எல்லையை முடிவு செய்த டிரியானோன் உடன்படிக்கை 1920 ஜூனில்தான் கையெழுத்தானது. அதற்கு ஓராண்டு முன்பே கேட்கப்பட்ட உறுதிமொழி அது. அந்தப் பேராசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1921-இல் செகெட் நகரில் அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தைத் தொடர்ந்தார்கள்.

க்ளூஜில் கையில் இருந்தது ஆறு மாதம்கூட இல்லை. சட்டம், மருத்துவம், அறிவியல், இலக்கியமும் தத்துவமும் என நான்கு புலங்களுக்கும் ஆள் வேண்டும். செர்னெவ்ட்ஸி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மொழியியலாளர் செக்ஸ்டில் புஷ்காரியு தேர்வுக் குழுவை நடத்தினார். பல்கலைக்கழகத்தின் தலைவரான ரெக்டர் பதவியில் முதலில் அமர்ந்தவரும் அவரே. புகாரெஸ்ட், யாஷ் பல்கலைக்கழகங்களிலிருந்து சிலர் வந்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் பேராசிரியர் ஆனார்கள். அண்டார்க்டிகாவுக்கு 'பெல்ஜிக்கா' கப்பலில் போய்வந்த உயிரியலாளர் எமில் ரகோவித்ஸா பிரான்சிலிருந்து வந்தார். அவருக்காக 1920-இல் க்ளூஜில் குகையியல் நிறுவனம் ஒன்று அமைந்தது. உலகில் அந்தத் துறைக்கென எழுந்த முதல் நிறுவனம் அதுதான். 1919 நவம்பர் 3 அன்று தொல்லியலாளர் வசிலே பர்வான் தொடக்க உரை ஆற்றினார்.

ஆள் கிடைத்ததும் அடுத்த சிக்கல் முளைத்தது. மருத்துவப் புலத்தின் முதல் டீன் யூலியு ஹத்ஸியெகானு இதே க்ளூஜில் ஹங்கேரி மொழியில் மருத்துவம் படித்தவர். வீட்டிலும் தேவாலயத்திலும் ருமேனியம், தொழிலில் ஹங்கேரியமோ ஜெர்மனோ. அந்தத் தலைமுறைப் படிப்பாளிகள் பலரின் நிலை அதுதான். தாய்மொழி சரளமாக வருவதும் தாய்மொழியில் பாடம் நடத்த வருவதும் ஒன்றல்ல. புஷ்காரியு இதை நன்றாக உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். 1906 முதல் ருமேனிய அகாதெமியின் பேரகராதிப் பணி அவர் பொறுப்பில்தான் இருந்தது. பல்கலைக்கழகம் பிறந்த அதே 1919-இல் 'ருமேனிய மொழி அருங்காட்சியகம்' என்ற நிறுவனத்தையும் அவர் தொடங்கினார். பெயர்தான் அருங்காட்சியகம், நடந்ததெல்லாம் பட்டறை வேலை.

அங்கிருந்து கிராமங்களுக்கு அச்சிட்ட வினாப்பட்டியல்கள் போயின. 1922-இல் முதல் பட்டியல் குதிரையைப் பற்றியது. பிறகு வீடு, நூலிழை, ஊர்ப்பெயரும் ஆட்பெயரும், ஆட்டுப்பட்டியும் பாலும், தேனீ வளர்ப்பு, இசைக்கருவி, கடைசியாக 1937-இல் உணவும் பானமும். ஒவ்வொன்றும் ஒரு தொழிலையோ புழங்குபொருளையோ பிடித்துக்கொண்டு போவதைக் கவனியுங்கள். 'உங்கள் ஊர்ச் சொற்களை எழுதி அனுப்புங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பத்து வேடிக்கைச் சொற்கள் வரும், அவ்வளவுதான். சேணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர் என்று கேட்டால்தான் மொழி வெளியே வரும்.

தபாலில் ஒரு குறை உண்டு. பதில் எழுதுகிறவர் படித்தவராக இருப்பார். காதில் விழுந்ததைப் புத்தக எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிவிடுவார். அதனால் எந்த ஊரில் எந்தச் சொல் வழங்குகிறது என்று வரைபடத்தில் காட்டும் மொழி நிலப்படத்துக்கு ஆட்களே நேரில் போனார்கள். செவர் பாப் 301 ஊர்களில் 2,160 கேள்விகள் கேட்டார். எமில் பெத்ரோவிச் 85 ஊர்களில் 4,800 கேள்விகள் கேட்டார். ஒன்று அகல வலை, மற்றது ஆழக் கிணறு. நெருக்கமான வலையில் எல்லைக்கோடுகள் தெரியும். நீண்ட பட்டியலில்தான் தொழில் சொற்கள் சிக்கும். ஒவ்வொரு வலைக்கும் ஒரே காது என்பதும் முக்கியம். பத்துப் பேர் குறித்தால், ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறுகிறதா, குறிப்பவரின் காது மாறுகிறதா என்று பிரிக்க முடியாது.

களப்பணியில் மிகச் சுலபமாக நேரும் பிழை, தேடும் சொல்லை நாமே சொல்லிவிடுவது. பனியை எடுத்துக்கொள்வோம். பொது ருமேனியத்தில் 'ஸெபதே', மோல்தாவியாவில் 'ஓமெத்', மேற்கே 'நியா'. 'ஸெபதே என்பீர்களா?' என்று கேட்டால், நகரத்திலிருந்து வந்தவருக்கு மரியாதையாக உழவர் ஆமாம் என்பார். அந்த ஊரின் சொல் அங்கேயே போயிற்று. குளிர்காலத்தில் வெள்ளையாக விழுந்து கூரையை மூடுவது எது என்று கேட்க வேண்டும். உடம்பின் பகுதி என்றால் தொட்டுக் காட்டலாம். முதலில் வாயில் வரும் சொல்லைத் திருத்தாமல், வந்த ஒலியிலேயே குறிக்க வேண்டும். இரண்டாம் முறை கேட்டால் அவர் யோசிப்பார். யோசித்தால் பள்ளிக்கூடச் சொல் வந்துவிடும்.

பாப்பின் நிலப்படத்தில் மனித உடலும் நோய்களும் பற்றிய முதல் தொகுதி 1938-இல் வந்தது. 1940-இல் ஜெர்மனியும் இத்தாலியும் வழங்கிய வியன்னா தீர்ப்பில் க்ளூஜ் ஹங்கேரிக்குப் போயிற்று. பல்கலைக்கழகம் சிபியுவுக்கும் திமிஷோவாராவுக்கும் பெயர்ந்தது. மொழிப் பட்டறை சிபியு சேர்ந்தது. ஆனாலும் பணி நிற்கவில்லை. குடும்பம், பிறப்பு, திருமணம், இறப்பு பற்றிய இரண்டாம் தொகுதி 1942-இல் வெளிவந்தது. முதல் தொகுதியின் தலைப்புப் பக்கத்தில் க்ளூஜ் என்று இருந்த இடத்தில், இதில் சிபியு என்று இருக்கிறது.