சார்த்ர் மாதாவின் ஆடை

பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே, கோதுமை வயல்களுக்கு மேலே சார்த்ர் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் தெரிந்துவிட்டன. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர் வந்தது மாதாவின் ஆடையைத் தரிசிக்க. குழந்தை இயேசு பிறந்தபோது மரியன்னை உடுத்தியிருந்ததாக நம்பப்படும் துணி அது. 876 முதல் இந்த ஊரில் இருக்கிறது. 1194 ஜூன் மாதத் தீயில் ஊரில் பெரும்பகுதியும் பழைய கோயிலும் எரிந்தன. ஆடையும் போய்விட்டது என்று ஊரே அழுததாம். மூன்றாம் நாள், நிலவறையில் ஒதுங்கியிருந்த குருமார்கள் ஆடை இருந்த பேழையோடு வெளியே வந்தார்கள். மாதா இன்னும் பெரிய கோயில் கேட்கிறாள் என்றுதான் மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சுமார் முப்பதே ஆண்டில் பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது! கண்ணாடிப் பேழை முன்னால் அம்மா வெகுநேரம் பேசாமல் நின்றார்.

என்னை நிறுத்தியவை வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அந்த நீலம் தரையில் விழுந்து, நீட்டிய உள்ளங்கையிலும் படிகிறது. அண்ணாந்தே பார்க்காமல் அடிப்பகுதியையும் பாருங்கள். புனிதர்களுக்குக் கீழே ரொட்டிக்காரர், செருப்புத் தைப்பவர், தண்ணீர் சுமப்பவர் எல்லாரும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். எண்ணூறு வருடமாக அவர்களும் மாதா சன்னிதியில்தான் இருக்கிறார்கள். 1939-இல் போர் வந்தபோது இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்தினார்கள். அந்தக் கைகளுக்கும் ஒரு கும்பிடு.

அன்று வெள்ளிக்கிழமை. நாற்காலிகளை அகற்றி, தரையில் பதித்த வட்டப் புதிர்ப்பாதையைத் திறந்து வைத்திருந்தார்கள். குறுக்களவு சுமார் 13 மீட்டர்தான். ஆனால் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டிய தூரம் 260 மீட்டருக்கு மேல். மையம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து, மறுபடி விலகிப் போகும். முழங்கால் வலியோடு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நடுவில் ஒரு காலத்தில் உலோகத் தகடு இருந்ததாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெயர்த்தார்கள். அதன் ஆணிகள் மட்டும் கல்லில் மழுங்கிப்போய் நிற்கின்றன. அம்மா குனிந்து அதில் ஒன்றைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அப்பா பேரையும் சொல்லிட்டேன்” என்றார்.