வால்வை எங்கே டைப் செய்வது?

முதல் நாள் நான் யாரையும் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை. ராணிப்பேட்டையில் ஒரு மாடியறை, கத்திரி வெயில், மேலே தகர ஷீட். ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு இளம் இன்ஜினியர்கள். வெப்பப் பரிமாற்றி, அதாவது ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் எக்ஸ்சேஞ்சர், வடிவமைக்கும் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் நோட்டும் கால்குலேட்டரும் எடுக்கச் சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று சொல்லவா வேண்டும்!

கணக்கு எளிமையானதுதான். மணிக்கு 20 டன் எண்ணெயை 90 டிகிரியிலிருந்து 60-க்குக் குளிர்விக்க வேண்டும். தண்ணீர் 32-இல் உள்ளே போய் 40-இல் வெளியே வரும். எண்ணெயின் வெப்ப ஏற்புத்திறன் 2.1 என்று வைத்தால் 350 கிலோவாட். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு 38 டிகிரி. மொத்த வெப்பக் கடத்தல் கெழு (சுவர் வழியே சூடு எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு) 250 இருக்கும் என்று ஊகித்துக்கொண்டால் பரப்பு 37 சதுர மீட்டர். பத்து நிமிட வேலை. அந்த 37-ஐ நோட்டின் மேல் மூலையில் வட்டம் போட்டு வைக்கச் சொல்வேன். மறுநாள் சாஃப்ட்வேர் 42 சொன்னால் சரி, பேசலாம். 14 என்று சொன்னால் எங்கேயோ கை தவறியிருக்கிறது. வட்டம் போடாதவனுக்கு 14-உம் ஒன்றுதான், 42-உம் ஒன்றுதான்.

கை தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். "3 பார் நீராவி" என்று டேட்டா ஷீட்டில் இருக்கும். கேஜ் அழுத்தமா (காற்றழுத்தத்துக்கு மேலே உள்ளது மட்டும்), முழு அழுத்தமா (காற்றழுத்தத்தையும் சேர்த்து) என்று யாரும் கேட்பதில்லை. கேஜ் என்றால் நீராவி ஏறக்குறைய 143.5 டிகிரி, முழு அழுத்தம் என்றால் 133.5. பத்து டிகிரி போய்விட்டது. சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லாது. அதற்குத் தெரிந்தது நாம் தட்டிய எண் மட்டும்.

சாஃப்ட்வேரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஷெல் என்ற வெளி உருளைக்குள் ஓடும் திரவம் முழுவதும் உள்ளே இருக்கும் ட்யூப்களைக் குறுக்கே கடப்பதில்லை. திரவத்தைத் திருப்பிவிடும் தகடான பேஃபிளுக்கும் ஷெல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் கொஞ்சம் நழுவும், பேஃபிள் ஓட்டைக்கும் ட்யூபுக்கும் நடுவே கொஞ்சம், ட்யூப் கட்டைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம். இதையெல்லாம் பிரித்து, வளைவுக்கு வளைவு வெப்பநிலை மாற மாறக் கணக்கிடுவது கையால் ஆகிற காரியமில்லை. எச்.டி.ஆர்.ஐ. போன்ற ஆய்வு நிறுவனங்கள் 1962-இலிருந்து அளந்து சேர்த்ததெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மரியாதை எனக்கு உண்டு.

ஆனால் என் முதல் எக்ஸ்சேஞ்சரை மறக்க முடியவில்லை.

இருபது வருடம் இருக்கும். ஆலைப் பெயர் வேண்டாம். தண்ணீரிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் மாற்றும் ஒரு கூலர். குளிர்விக்கும் பக்கம் போர்வெல் தண்ணீர். எங்கள் பக்கத்துத் தண்ணீர் தெரியும்தானே. தண்ணீர் இல்லாத ஆறு உள்ள ஊர் என்று வேலூரைக் கேலி செய்வார்கள்; பாலாறு வறண்டால் பூமிக்குள்ளிருந்து இறைக்கிற உப்புத் தண்ணீர்தான். படியும் என்று எனக்கும் தெரியும். அதனால் புத்திசாலித்தனமாக ஃபவுலிங்கை, அதாவது அழுக்குப் படிவதற்கான தடையை, கணக்கில் அள்ளிப் போட்டேன். சுத்தமான நிலையில் கெழு 1000. ஃபவுலிங் 0.0005 சேர்த்ததும் 667 ஆனது, பரப்பு ஒன்றரை மடங்கு. மேலதிகாரி பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு இருபது பர்சென்ட் போட்டுக்கோப்பா" என்றார். மொத்தம் 1.8 மடங்கு. ட்யூப் எண்ணிக்கை கூடியது, ஒவ்வொரு ட்யூபிலும் தண்ணீரின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டராக இறங்கியது. திரையில் சிவப்பு எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

நாலே மாதத்தில் அழைப்பு வந்தது. சேனல் கவரைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஃபிட்டர் அண்ணன் ஒருவர் கம்பியை ட்யூபில் விட்டுக் காட்டினார். "சார், ராடு கூட உள்ள போவல. எங்க வூட்டு வெந்நீர் அண்டா இதைவிட சுத்தமா இருக்கும்."

அண்டா என்றதும்தான் உறைத்தது. அதே தண்ணீரைக் குடத்திலும் ஊற்றி வைக்கிறோம், அண்டாவிலும் ஊற்றுகிறோம். வெள்ளையாகக் கல் போலப் படிவது அண்டாவில்தான். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். சுண்ணாம்பு உப்பு அதற்கு நேர் எதிர், சூடு ஏற ஏறக் கரைசலை விட்டு வெளியே வரும். எங்கே சுவர் சூடோ அங்கே ஒட்டும்.

அப்புறம் ஷிப்ட் ஆபரேட்டரிடம் பேசினேன். முதல் நாள் எக்ஸ்சேஞ்சர் புதுசு, அழுக்கே இல்லை, பரப்போ 1.8 மடங்கு. குளிர்விக்க வேண்டிய ப்ராசஸ் தண்ணீர் தேவைக்கு மேல் குளிர்ந்திருக்கிறது. அவர் என்ன செய்வார்? குளிர்நீர் வால்வைப் பாதி மூடினார். வெப்பநிலை சரியாகிவிட்டது. உள்ளே வேகம் இன்னும் குறைந்தது, தண்ணீர் இன்னும் சூடேறியது, உப்பு நிதானமாக உட்கார ஆரம்பித்தது. அழுக்குக்குப் பயந்து நான் போட்ட பரப்பே அழுக்கைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது. ஆபரேட்டர் மேல் தப்பே இல்லை.

இதை ஒவ்வொரு பேட்சிலும் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். மறுநாள் அவர்களும் இருபது சதவீதம் போடுகிறார்கள். அதிகம் போட்டு யாரும் திட்டு வாங்கியதில்லையே!

போன பேட்சில் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முன் பெஞ்ச் இல்லை, அதிகம் பேசவும் மாட்டாள். மூன்றாம் நாள் மதியம், எல்லோரும் டீக்கு இறங்கிய பிறகு கேட்டாள்.

"சார், வால்வை எவ்ளோ மூடுவாங்கன்னு எங்க சார் டைப் பண்றது?"

அப்படி ஒரு கட்டம் சாஃப்ட்வேரில் கிடையாது. வடிவமைத்து முடித்த எக்ஸ்சேஞ்சர் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டும் ரேட்டிங் மோடில் நாம்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். "ரேட்டிங் மோடுக்குப் போம்மா. ஃபவுலிங் ரெண்டு பக்கமும் பூஜ்யம் போடு. இப்ப எண்ணெய் அறுபதுலயே வர்ற வரைக்கும் தண்ணிய குறைச்சுக்கிட்டே வா" என்றேன்.

அந்த 350 கிலோவாட் கூலர்தான். இருபது சதவீதம் கூடுதலாகப் போட்டிருந்தாள். வடிவமைப்பில் தண்ணீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடியது, 40 டிகிரியில் வெளியே வந்தது. எண்ணெய் 60-இல் நிற்கும்போது வேகம் 0.4, வெளியேறும் தண்ணீர் 52 டிகிரி. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடுதல் இருபதை எடுத்தாள். ட்யூப் பக்கம் தண்ணீர் இரண்டு பாஸில், அதாவது நீளவாட்டில் இரண்டு முறை, ஓடியதை நான்காக்கினாள். வேகம் இரட்டிப்பானது, அழுத்த இழப்பு ஏழு மடங்குக்குப் பக்கமாக ஏறியது. பம்ப் தாங்குமா என்று டேட்டா ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் டீ குடித்துவிட்டு மேலே வந்துவிட்டார்கள். அவளுடைய டீயை ஒருவன் கையில் எடுத்து வந்திருந்தான். ஆறிப் போயிருந்தது.